பாலுக்கும் சோற்றுக்கும் நடுவே

பட்டினி என்றவுடன் நம் மனக்கண்ணில் எழுவது எலும்பெடுத்த விலாவும் ஒட்டிய வயிறுமே. ஆகையால், கன்னம் உப்பி, கைகால் பருத்து, பார்ப்பவர் கண்ணுக்குக் கொழுகொழுவென்று தோன்றும் ஒரு குழந்தை, ஆகாரக் குறைவு ஒன்றினாலேயே சாகும் தறுவாயில் இருக்கக்கூடும் என்பதை உலகமும், அதனினும் வியப்பாக வைத்திய சாஸ்திரமும், வெகுகாலம் உணராதிருந்தன. பாட்டிமார்கள் மட்டும் ஏதோ கோளாறு என்று கண்டுகொண்டார்கள். "பிள்ளை ஊதிப்போச்சு, சீர் தட்டியிருக்கு" என்று சொல்லி மந்திரிப்பவரிடம் தூக்கிச் சென்றார்கள். வேப்பிலை அடித்து, இடுப்பில் தாயத்துக் கட்டி, சில நாள் பார்த்து, பிறகு விதியை நொந்துகொண்டார்கள். நோயை நோயென்று கண்ட அளவில் அவர்கள் அக்காலத்து டாக்டர்கள் பலருக்கும் ஒரு படி முன்னே நின்றார்கள் என்றே நான் கருதுகிறேன்.

மதுரைக்குக் கிழக்கே வைகையை ஒட்டியிருக்கும் வண்டியூரை அறியாத தமிழர் இலர். திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டுவித்த தெப்பக்குளம் அவ்வூர்ப் பெயரோடு சேர்த்தே வழங்குகிறது. சித்திரைத் திருவிழாவில் ஆற்றில் இறங்கிய அழகர் அங்கே சென்றுதான் இளைப்பாறுகிறார். கண்மாய்ப் பாசனத்தில் நெல் விளைந்த வயல்கள் இப்போது பெரும்பாலும் வீட்டு மனைகளாகி, ஊரே மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. ஆயினும் இரண்டு தலைமுறைக்கு முன்னே அவ்வூரைப் போன்ற மதுரைச் சமவெளிக் கிராமங்களில் நாற்று நட்டும் களை எடுத்தும் நெல் அறுத்தும் கூலியாக நெல்லையே அளந்து வாங்கிய வீடுகளில்தான், சோற்றுக்கு அதிபதியான அந்த மண்ணில்தான், சவலைப் பிள்ளைகள் வளர்ந்தன. சில வளராமலே போயின. நெல் விளையும் பூமியில் குழந்தைக்கு மட்டும் பஞ்சம் வருவானேன் என்ற கேள்விக்கு விடை காண்பதற்கு உலகத்து ஆராய்ச்சியாளருக்கு நாற்பது ஆண்டுகள் பிடித்தன. அந்த விடையைக் கண்டவர்களுள் முக்கியமானவர் சேலத்தில் பிறந்த ஒரு தமிழ் மருத்துவர் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது.

முதலில் நோய்க்குப் பெயர் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜமெய்க்காத் தீவில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் வைத்தியம் கற்று, ஆப்பிரிக்காவின் பொற்கரை நாட்டில் பிரிட்டிஷ் அரசாங்க வேலைக்கு வந்த சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர், ஒன்று முதல் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகள் கால் வீங்கி, தோல் கருத்து உரிந்து, மயிர் செம்பட்டையாகி இறப்பதைக் கண்டார். தாய்ப்பாலை விட்டபின் மக்காச்சோளக் கஞ்சியையே உண்டு வந்த குழந்தைகள் அவை. 1933-இல் அதை விவரித்து ஒரு கட்டுரை எழுதினார். 1935-இல், உள்ளூர் மக்கள் அந்நோய்க்கு இட்டிருந்த குவாஷியோர்கர் என்ற பெயரையே லான்செட் பத்திரிகையில் பதிப்பித்தார். அது வேறொன்றுமில்லை, பெலாக்ரா என்ற பழைய வியாதியே என்று பெரிய பண்டிதர்கள் வாதித்தார்கள். அந்த அம்மையார் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் கண்டதே சரியென்று காலம் தீர்ப்புச் சொல்லிற்று.

இனி அக்குழந்தையின் சரீரத்துக்குள் நடப்பதைப் பார்ப்போம். ஆகாரம் போதாத குழந்தை இரண்டு வழிகளுள் ஒன்றில் செல்கிறது. ஒன்று மராஸ்மஸ் எனப்படும் மெலிவுவழி: கொழுப்பு கரைந்து, தசை கரைந்து, பிட்டத்துத் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்க, முகம் கிழவர் முகம் போலாகிறது, ஆனால் கண்ணில் பசி இருக்கிறது, கொடுத்தால் ஆவலாய் வாங்கித் தின்கிறது. மற்றொன்று நாம் பேசும் வீக்கவழி: பாதத்தில் தொடங்கிய நீர் காலுக்கும் கைக்கும் முகத்துக்கும் ஏற, அதன் கீழே தசை கரைந்திருப்பது வெளியே தெரிவதில்லை; தலைமயிர் கறுப்பிழந்து, இழுத்தால் வலியின்றிக் கையோடு வருகிறது; தோல், வெயிலில் காய்ந்த வர்ணம் பொருக்கு விட்டாற்போல் உரிந்து, கீழே சிவந்த புண் தெரிகிறது. எல்லாவற்றையும்விடக் கொடியது அதன் மனநிலை. சிரிப்பதில்லை, தவழ்வதில்லை, அருகில் சென்றால் முனகுகிறது, வாயருகே கொண்டுபோன உணவைத் தள்ளிவிடுகிறது. பசியால் வந்த நோய் பசியையே கொன்றுவிடுகிறது.

இரத்தத்தில் அல்புமின் என்றொரு புரதம் உண்டு. கல்லீரலில் உற்பத்தியாகி, இரத்தக் குழாய்களுக்குள் நீரைப் பிடித்து வைத்திருப்பது அதன் தொழில்களுள் ஒன்று. புரதம் உள்ளே வராதபோது கல்லீரல் அதைச் செய்ய முடியாமல், நீர் குழாயை விட்டுத் திசுக்களுக்குள் கசிகிறது என்பதே வீக்கத்துக்குப் பாடப்புத்தகங்கள் வெகுகாலம் சொல்லிவந்த விளக்கம். கல்லீரல் தன்னிடம் சேரும் கொழுப்பை வெளியே அனுப்புவதற்கும் ஒரு புரத உறை வேண்டும். அதுவும் கிடைக்காமையால் கொழுப்பு அங்கேயே தேங்கி, கல்லீரல் பெருத்து, வயிறு முன்தள்ளுகிறது. கல்லீரல் பற்றிய பகுதி இன்றளவும் நிலைத்திருக்கிறது. அல்புமின் பற்றிய பகுதிதான் ஆட்டங்கண்டது: ஜமெய்க்காவில் ஆராய்ந்த மைக்கேல் கோல்டன், சிகிச்சையில் குழந்தைகளின் வீக்கம் வடிந்துபோன பின்னும் அல்புமின் அளவு உயராமலே இருந்ததை 1980 வாக்கில் காட்டினார். நீர் வடிவதற்கு அல்புமின் காரணமன்றாயின், சேர்ந்ததற்கு அது ஒன்றே காரணமாக இருக்க இயலுமா? உயிரணுக்களின் சவ்வு பழுதுபடுதல், பொட்டாசியக் குறைவு, கிருமித் தொற்று, குடலில் வாழும் நுண்ணுயிர்கள் என்று இன்று பல காரணங்களைச் சேர்த்தே பேசுகிறார்கள். ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் 317 இரட்டைப் பிள்ளை ஜோடிகளைப் பின்தொடர்ந்து 2013-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, ஒரே வீட்டில் ஒரே பானைச் சோற்றை உண்ட இரட்டையருள் ஒருவருக்கு மட்டும் இந்நோய் கண்டதையும், அவர்கள் குடலின் நுண்ணுயிர்க் கூட்டம் வேறுபட்டிருந்ததையும் எடுத்துக் காட்டிற்று.

ஒரே ஆகாரம், இரண்டு விளைவு. இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கவனித்தவர்தான் நான் மேலே குறிப்பிட்ட சேலத்துக்காரர், டாக்டர் சி. கோபாலன். 1918-இல் பிறந்து, சென்னையில் மருத்துவம் பயின்று, குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கி வைத்த போஷணை ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்து, அக்கூடம் 1958-இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்தபோது தாமும் பெயர்ந்து, பின்னர் அதன் தலைவராகி, நூறு வயது நிறைந்து 2019-இல் சென்னையில் மறைந்தவர். வீங்கிய குழந்தையின் வீட்டு ஆகாரத்தையும் மெலிந்த குழந்தையின் வீட்டு ஆகாரத்தையும் ஒப்பிட்டு நோக்கிய அவர், இரண்டுக்கும் பேதமில்லை என்றார். முன்னது புரதக் குறைவு, பின்னது மொத்த உணவின் குறைவு என்று பாடநூல்கள் பிரித்து வைத்திருந்ததை மறுத்து, ஒரே பஞ்சத்தை ஒரு சரீரம் தன் தசையைக் கரைத்துக் கல்லீரலுக்குக் கொடுத்துச் சமாளிக்கிறது, மற்றொரு சரீரம் அவ்வாறு சமாளிக்கத் தவறி வீங்குகிறது என்று விளக்கினார்.

அவர் சொன்னதன் சாரத்தை ஒரு சமையலறைக் கணக்கால் எவரும் சரிபார்க்கலாம். பத்துக் கிலோ எடையுள்ள ஒன்றரை வயதுக் குழந்தைக்கு நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 800 கலோரி உஷ்ணசக்தியும், 11 அல்லது 12 கிராம் புரதமும் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நூறு கிராம் அரிசியில் 345 கலோரியும் ஏழு கிராமுக்குச் சற்றுக் குறைவான புரதமும் இருக்கின்றன. ஆகவே அக்குழந்தை கால் கிலோ அரிசியைச் சமைத்து முழுவதும் உண்ணுமானால், கலோரி 860-ஐத் தாண்டும். புரதமும் 17 கிராம் கிடைக்கும். அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவாகையால் அதன் தரத்துக்கென்று ஒரு பகுதியைத் தள்ளிவிட்டாலும் ஒருவாறு தேவைக்கு ஈடாகிவிடும். இதே கணக்கை மரவள்ளிக் கிழங்குக்குப் போட்டுப் பாருங்கள். 800 கலோரி பெற அரைக் கிலோக் கிழங்கு தின்னவேண்டும். அதில் வரும் புரதமோ நான்கு கிராம்கூட இல்லை. கிழங்கும் வாழைக்காயும் பிரதான ஆகாரமாயுள்ள ஆப்பிரிக்கப் பகுதிகளில் வயிறு நிறைந்த குழந்தைக்கும் இந்நோய் வரலாம். அரிசி உண்ணும் நாட்டில் அப்படியன்று. இங்கே வயிறு நிறைந்தால் புரதமும் பெரும்பாலும் நிறைந்துவிடும். வயிறு நிறைவதில்லை என்பதே சங்கடம்.

ஏன் நிறைவதில்லை? கால் கிலோ அரிசி வெந்தால் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறையச் சோறாகிறது. ஒரு வேளைக்கு ஒரு சிறு கிண்ணத்துக்கு மேல் கொள்ளாத வயிற்றில் அவ்வளவு சோற்றைப் புகுத்த வேண்டுமானால் நாளைக்கு ஐந்தாறு தரம் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டவேண்டும். குழந்தைக்கு நடைமுறையில் கிடைப்பதோ, காலையில் ஒரு கை, அந்தியில் ஒரு கை, இடையில் தண்ணீராய்க் கரைத்த கஞ்சி. அப்படிக் கலோரியில் பாதிக்கு மேல் துண்டு விழும்போது, உள்ளே வந்த கொஞ்சநஞ்சப் புரதத்தையும் உடல் வளர்ச்சிக்குச் செலவிடாமல் எரிபொருளாக எரித்துவிடுகிறது. விதைநெல்லைக் குற்றிச் சாப்பிடுகிற குடித்தனக்காரன் நிலைதான். இந்த நிலையில் புரதத்தை மட்டும் தனியே வாங்கிக் கொடுப்பதில் பொருளில்லை. அதுவும் அடுப்புக்கே போகும்.

இது எளிய கணக்காகத் தோன்றுகிறது. ஆயினும் உலகம் இதை ஏற்க மறுத்த ஒரு காலம் உண்டு. 1950-களிலும் 60-களிலும் புரதம் புரதம் என்று ஒரு மோகமே பரவியிருந்தது. மீன்மாவு, நிலக்கடலைப் பிண்ணாக்கு மாவு, எண்ணெயிலிருந்து வளர்த்தெடுக்கும் நுண்ணுயிர்ப் புரதம் என்று எதையெதையோ ஆராய்ந்தார்கள். நம் நாட்டிலும் மைசூர் ஆராய்ச்சிக்கூடத்துப் பல்நோக்கு உணவு, பாலாஹார் என்றெல்லாம் தயாரித்தார்கள். 1968-இல் ஐக்கிய நாடுகள் சபையே, வரப்போகும் புரத நெருக்கடியைத் தவிர்ப்பது எப்படி என்று அறிக்கை வெளியிட்டது. கடைசியில் 1974-இல் டொனால்ட் மெக்லாரன் என்ற டாக்டர், இவ்வளவும் பெருந்தோல்வி என்று லான்செட் பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார். பணக்கார நாடுகளில் பால் பவுடர் மிஞ்சிக் கிடந்ததும் அந்த மோகத்துக்குத் தூபம் போட்டது என்று சொல்லப்படுவதை நான் நம்பாமலிருக்க முடியவில்லை. டப்பியில் அடைத்து விற்கக்கூடிய எந்தச் சத்துக்கும் புகழ் சீக்கிரம் வந்துவிடுகிறது. நம் வீதி மருந்துக்கடைகளில் வரிசையாய் அடுக்கியிருக்கும் புரதப் பவுடர் டப்பிகளைப் பார்த்தால் அந்த மோகம் செத்துவிட்டதாகவும் தெரியவில்லை.

திரும்பவும் வண்டியூர் வயலோரத்துக்கு வருவோம். அந்தக் காலத்துக் கூலிக்காரத் தாய் விடியுமுன் எழுந்து, முந்திய இரவின் பழையதைக் கரைத்துக் குடித்துவிட்டு, நடவுக்கோ பூப்பறிக்கவோ போய்விடுவாள். மல்லிகை வெயில் ஏறுமுன் பறிக்கப்பட வேண்டும். நாற்று, தண்ணீர் வந்த அன்றைக்கே நடப்பட வேண்டும். இரண்டும் குழந்தையின் பசிக்குக் காத்திருப்பவை அல்ல. அவள் வயிற்றில் அடுத்தது தரித்துவிட்டால், மடியில் இருப்பதற்குப் பால் மறக்கடிக்கப்படும். முலைக்காம்பில் வேப்பெண்ணெய் தடவுவதும் அதற்கு ஓர் உபாயம். அதன்பின் பிள்ளை ஆறேழு வயது அக்காவின் இடுப்புக்குப் போய்ச் சேர்கிறது. அந்த அக்காவுக்கே பசி. அவள் கொடுத்ததுதான் ஊட்டல், அது தின்றதுதான் சாப்பாடு.

இந்த நூலிழையில் தொங்கும் வாழ்க்கையில் கிருமி வந்து புகுந்தால் என்னவாகும் என்று சொல்லவேண்டியதில்லை. வயிற்றோட்டம் கண்டவுடன் மாமியார் மருமகளுக்குச் சொல்லும் யோசனை அநேகமாக ஒன்றுதான்: "ஏத்தா, பிள்ளைக்கு வயித்தால போகுதுல்ல, சோறு கீறு குடுத்துராத, வடிகஞ்சித் தண்ணிய மட்டும் ஊத்து." அன்பினால் சொல்லப்பட்ட வார்த்தைதான். ஆனால் வடிகஞ்சித் தண்ணீரில் சோற்றின் சத்தில் மிகச் சொற்பமே உண்டு. பேதியோ, ஏற்கெனவே உடலில் இருந்ததையும் வெளியேற்றுகிறது. தட்டம்மை இதைவிடக் கொடிது. அது வந்த வீட்டில் மாரியம்மன் வந்திருப்பதாக வேப்பிலை செருகி, தாளிக்காமல், பத்தியம் காத்து, அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரையில் பிள்ளைக்கு அரைவயிறும் கிடைப்பதில்லை. காய்ச்சல் உடலை எரித்து, வாய்ப்புண் உணவைத் தடுத்து, அம்மை போன இரண்டு மூன்று வாரத்தில் கால் வீங்கத் தொடங்கும். ஓரமாய் நடந்துகொண்டிருந்த பிள்ளையைப் பள்ளத்தில் தள்ளிவிடுவது பெரும்பாலும் இப்படி ஒரு காய்ச்சல்தான். 1985-இல் நம் நாட்டுத் தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மை ஊசி சேர்ந்தது போஷணைக்காகச் செய்யப்பட்டதன்று. ஆயினும் எத்தனையோ சத்துணவுத் திட்டங்களுக்கு நிகரான பலனை அது தந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

மதுரையில் இந்நோயை நெருங்கிக் கண்டவர்களுள் ஒருவர் குழந்தை வைத்தியரல்லர், கண் வைத்தியர். பின்னாளில், 1976-இல், பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்த டாக்டர் கோ. வெங்கடசாமி அதற்கு முன்பு எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று வழங்கிய மதுரை அரசாங்க ஆஸ்பத்திரியில் கண் பிரிவின் தலைவராயிருந்தார். அங்கே அவரிடம் கொண்டுவரப்பட்ட குழந்தைகள் சிலருக்குக் கண்ணின் கருவிழி வெண்ணெய் போல் இளகிக் கரைந்துகொண்டிருந்தது. காரணம் வைட்டமின் ஏ குறைவு. ஆனால் கண்ணை மட்டும் பார்த்தால் விஷயம் விளங்காது. வைட்டமின் ஏ கல்லீரலில் சேமித்து வைக்கப்படும் பொருள். அங்கிருந்து அது கண்ணுக்குப் போவதற்குக் கல்லீரல் ஒரு பிரத்தியேகப் புரதத்தைச் செய்து, அதன்மேல் ஏற்றி அனுப்புகிறது. புரதமில்லாத குழந்தையிடம் சுமையும் குறைவு, சுமப்பதும் இல்லை. அதனால்தான் குவாஷியோர்கர் கண்ட பிள்ளைகளே பெரும்பாலும் பார்வை இழந்தன.

ஊசியோ சொட்டு மருந்தோ கொடுத்து அனுப்பினால், அதே குழந்தை அதே வீட்டுக்குப் போய்ச் சில மாதங்களில் திரும்பி வரும். ஆகவே 1971-இல், இங்கிலாந்தின் பார்வையற்றோர் காமன்வெல்த் சங்கத்தின் உதவியோடு, ஆஸ்பத்திரியைச் சார்ந்து ஓர் ஊட்டச்சத்து மறுவாழ்வு நிலையத்தை வெங்கடசாமி ஏற்படுத்தினார். குழந்தையோடு தாயும் அங்கே தங்குவாள். அரிசி, பருப்பு, கீரை, கொஞ்சம் எண்ணெய் என்று அவள் ஊர்ச் சந்தையிலேயே, அவள் கூலிக்கு எட்டும் விலையில் கிடைப்பவற்றைக் கொண்டு தாய்மார்களே சமைத்து ஊட்டுவார்கள். கீரைப் பாத்தியும் அங்கேயே இருந்தது. கீரைகளை ஆராய்வதில் ஈடுபாடு கொண்டிருந்த ஆக்ஸ்போர்டு உயிர் இரசாயன அறிஞர் ஆன்டனெட் பிரீ இம்முயற்சியில் பங்கு கொண்டார். நிலையத்தின் அனுபவத்தை அவரும் வெங்கடசாமியும் பிறரும் சேர்ந்து 1976-இல் லான்செட்டில் வெளியிட்டார்கள். மருந்தைக் காட்டிலும் அடுப்பையும் தாயின் கையையும் சிகிச்சையின் நடுவே வைத்ததுதான் அந்த நிலையத்தின் விசேஷம். தன் கையால் வேகவைத்த முருங்கைக்கீரையும் பருப்புச் சோறும் மூன்று வாரத்தில் தன் பிள்ளையைச் சிரிக்க வைத்ததைக் கண்ட தாய்க்கு உபந்நியாசம் எதற்கு?

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். வீங்கிய பிள்ளையைக் கண்டதும் பாலும் முட்டையும் ஏராளமாய்ப் புகட்டிவிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். பழைய வார்டுகளில் அப்படியே செய்தார்கள், குழந்தைகள் முதல் வாரத்திலேயே இறந்தன. கொழுப்பேறிய கல்லீரல் அவ்வளவு புரதத்தைக் கையாள முடியாது. மெலிந்த இருதயம், நரம்பு வழியே ஏற்றும் தண்ணீரின் பாரத்தைத் தாங்காது. இன்றைய உலக சுகாதார நிறுவன முறையில், தொடக்க நாட்களில் கொடுக்கும் சர்க்கரை கலந்த பால் கரைசலில் 100 மில்லிக்கு 75 கலோரியும், ஒரு கிராமுக்கும் குறைவான புரதமுமே உண்டு. அதை இரண்டு மணிக்கொரு தரம், நள்ளிரவிலும் எழுப்பி, சிறிது சிறிதாகக் கொடுக்கவேண்டும். உடம்பு சில்லிடாமல் தாயின் மார்போடு போர்த்தி வைக்கவேண்டும். காய்ச்சல் இல்லாவிட்டாலும் கிருமி இருப்பதாகவே கொண்டு மருந்து கொடுக்கவேண்டும். இரும்புச்சத்தை முதல் வாரத்தில் தொடவே கூடாது. பசி திரும்பிய பிறகுதான் 100 கலோரியும் மூன்று கிராமை நெருங்கும் புரதமும் உள்ள கரைசல். புரதக் குறைவினால் வந்ததென்று பெயர் பெற்ற நோய்க்குப் புரதத்தைக் குறைத்தே சிகிச்சை தொடங்க வேண்டியிருப்பதை வைத்திய மாணவர்களும் எளிதில் நம்புவதில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்து சேருவது ஒன்றிரண்டு. வீட்டில் இருப்பவை பல. அரசாங்கம் இதற்கு என்ன செய்தது என்றால், தமிழ்நாடு வேறெந்த மாகாணத்துக்கும் முன்னே அடுப்பு மூட்டிற்று என்பது உண்மை. காமராஜர் 1956-இல் எட்டயபுரத்தில் பள்ளி மதிய உணவைத் தொடங்கினார், எம்.ஜி. ராமச்சந்திரன் 1982 ஜூலை முதல் தேதி திருச்சிக்கருகே பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி இரண்டு வயதுப் பிள்ளைகளையும் பந்தியில் சேர்த்தார். 1989-இல் தட்டில் முட்டை வந்தது. 2022 செப்டம்பரில் மதுரை சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில் காலை உணவுத் திட்டம் பிறந்தது. இவை எவற்றையும் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆயினும் நாம் ஆராயும் நோயின் காலம் ஆறாம் மாதத்திலிருந்து மூன்றாம் வயது வரை. பள்ளிக்கூடப் பந்தியில் உட்காருகிற பிள்ளை அந்தக் கண்டத்தைத் தாண்டி வந்த பிள்ளை. தாண்டாதது அங்கே வருவதில்லை.

இந்த இடைவெளியை நேராக நோக்கி எடுக்கப்பட்ட முயற்சி மதுரை மாவட்டத்திலேயே தொடங்கிற்று. மேலூரைத் தாண்டித் திருச்சி சாலையில் வரும் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில், உலக வங்கியின் கடனுதவியோடு, 1980-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் என்ற பெயரில் அது ஆரம்பமாகிப் பிறகு பல மாவட்டங்களுக்குப் பரவியது. அதன் முக்கிய ஆயுதம் சோற்றுப்பானையன்று, தராசு. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளையையும் மாதந்தோறும் நிறுக்கவேண்டும். உத்தரத்தில் மாட்டிய வட்ட முகத் தராசின் கொக்கியில், கால்விட இரண்டு ஓட்டையுள்ள துணிச்சட்டியில் பிள்ளை தொங்கும், வீறிட்டு உதைக்கும், முள் இங்குமங்கும் ஆடும். ஊழியப் பெண் முள் நிற்கும்வரை காத்திருந்து, அட்டையில் அந்த மாதத்துக்கு நேராக ஒரு புள்ளி வைத்து, போன மாதப் புள்ளியோடு கோடிழுத்துச் சேர்ப்பாள். கோடு ஏறினால் சரி. கோடு படுத்தாலோ இறங்கினாலோ, பிள்ளை பார்வைக்கு எவ்வளவு நன்றாயிருந்தாலும், அன்றைக்கே அதன் பெயர் உணவுப் பட்டியலில் ஏறும். தானியமும் பருப்பும் வெல்லமும் சேர்த்து ஊர்ப் பெண்கள் பிடித்த உருண்டை தொண்ணூறு நாள் கொடுக்கப்படும். எடை ஏறிவிட்டால் நிறுத்தப்படும். எல்லோருக்கும் எப்போதும் என்பதற்குப் பதிலாக, சரியத் தொடங்கியவனுக்குச் சரியும்போதே என்பது அதன் தத்துவம். திட்டம் நடந்த கிராமங்களில் கடுமையான ஊட்டக்குறைவு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைந்ததாக மதிப்பீடுகள் சொல்லின. அந்த உருண்டையில் மீன்மாவுமில்லை, நுண்ணுயிர்ப் புரதமுமில்லை. கோபாலனின் கணக்குத்தான் இருந்தது.

தராசின் கதை பந்தியின் கதையைப்போல் மேடைகளில் ஏறவில்லை. ஆயிரம் பிள்ளைகள் வரிசையாய் உட்கார்ந்து உண்பதைப் படம்பிடிக்கலாம். ஒரு கோடு கீழே போகாமல் தடுக்கப்பட்டதைப் படம்பிடிப்பது எங்ஙனம்? பிற்காலத்தில் அத்திட்டம் அங்கன்வாடிகளோடு கலந்துவிட்டது. மூன்று வயதுக்குட்பட்டோருக்கு அங்கே இப்போது சத்துமாவு கொடுக்கிறார்கள். அதில் முளைகட்டிய கேழ்வரகு சேர்வது பொருளற்ற சம்பிரதாயமன்று. முளைக்கும் தானியத்தில் மாவுச்சத்தை உடைக்கும் நொதி உண்டாவதால், அதன் கஞ்சி களிபோல் இறுகாமல் இளகி நிற்கிறது. அதே கிண்ணத்தில் இருமடங்கு மாவைக் கரைத்தும் பிள்ளை விழுங்கிவிடலாம். நம் பாட்டிமார்கள் கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, திரித்து, மல்லுத்துணியில் சலித்துக் காய்ச்சிய கஞ்சிக்கு விஞ்ஞானம் இவ்வளவு பிந்தி வந்து கையொப்பமிட்டிருக்கிறது. அந்தக் கஞ்சியில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டால் நாற்பத்தைந்து கலோரி கூடும். பாசிப்பயறு சேர்த்தால் தானியத்தில் குறைந்த லைசினும் வந்துவிடும்.

இன்றைய நிலை என்னவெனில், 2019–21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். உயரத்துக்கேற்ற எடையில் மிகக் கடுமையாகத் தாழ்ந்தவர்கள் நூற்றுக்கு 5.5 பேர். முந்திய கணக்கெடுப்பில் இந்தப் பின்னெண் 7.9 ஆக இருந்தது. இறங்கியிருக்கிறது, இறங்கவேண்டிய அளவு இறங்கவில்லை. மாநில அரசாங்கம் 2022-இல் தொடங்கிய ஊட்டச்சத்தை உறுதி செய் என்னும் திட்டம் இப்பிள்ளைகளையே குறிவைத்தது.

ஆனால் இந்த எண்கள் எல்லாம் தராசும் உயரக்கோலும் சொன்னவை; வீக்கத்தை அக்கணக்கெடுப்பு பார்ப்பதில்லை. உடம்பில் தேங்கிய நீருக்கும் எடை உண்டு. இரண்டு கிலோ நீர் சுமந்த பிள்ளை, அட்டையில் அபாயக் கோட்டுக்கு மேலேயே நின்றுவிடக்கூடும். சிகிச்சை பலிக்கத் தொடங்கியதும் நீர் வடிந்து முதல் வாரத்தில் எடை குறைகிறது. வந்தபோது இருந்ததைவிடப் பிள்ளை இளைத்துவிட்டதென்று பயந்து, இரவோடிரவாக வார்டைவிட்டுத் தூக்கிச் செல்லும் தாய்மாரும் உண்டு. ஆகவே அங்கன்வாடி ஊழியர்களுக்கும் கிராமச் செவிலியருக்கும் கற்பிக்கப்படும் பரிசோதனையில் தராசும், மேல்கையின் சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்புக் காட்டும் நாடாவும் போதா என்று வைத்து, மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருக்கிறார்கள். பிள்ளையின் இரண்டு புறங்கால்களிலும் கட்டைவிரலை வைத்து மூன்று விநாடி அழுத்தி எடுக்கவேண்டும். இரண்டு காலிலும் குழி விழுந்து அப்படியே நின்றால், தராசு எதைச் சொன்னாலும், நாடா எந்த நிறத்தைக் காட்டினாலும், அப்பிள்ளையை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும்.